தபசுகாலத்துக் குளிசை

கிளிநொச்சி,
19.1.64

அன்புள்ள புனிதம்,

நீர் அம்மாவுக்கு எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும். அதனால் ஐயா விறாந்தைக் கதிரையில் இருந்து, பத்திரிகை வாசிப்பதுபோல, மேலே உள்ள திகதியில் தொடங்கி உம்முடைய கையெழுத்து வரைக்கும் சத்தமாக வாசித்தார். “உங்கள் மகள் சுகமாக இல்லை. கேட்டால் சொல்லமாட்டாள். எனக்குப் பார்த்த டொக்டரிடம் அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.” நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவி முடித்தேன்.

என்னைக் கேட்காமல் எழுதியதற்கு நான் உம்மோடு கோபிக்க வேண்டும். கோபம் என்று இங்கே எழுதி வைக்கிறேன், அது உமக்குச் சேர வேண்டியது என்பதால்.

பொங்கலுக்கு முதல் கிழமை யாழ்ப்பாணம் போனோம். டொக்டர் என்னைக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அம்மாதான் பதில் சொன்னா. “சாப்பிடுறாள், ஆனா ருசி சொல்லமாட்டாள். படுக்கிறாள், ஆனா நித்திரை கொள்ளுறாளோ தெரியாது. சண்டை பிடிக்கிறாளுமில்லை டொக்டர், முந்தி நல்லாப் பிடிப்பாள்.” டொக்டர் எழுதிக்கொண்டார். குளிசை எழுதித் தந்தார். உமக்குத் தந்த அதே குளிசை என்று பெயரைப் பார்த்து அறிந்தேன்.

“இதைத் துவங்கினால் நீங்களா நிப்பாட்டக் கூடாது” என்றார்.

“அப்ப சாகுமட்டும் போடவேணுமோ?” என்று அம்மா கேட்டா.

“இல்லையம்மா. சுகம் வந்து சில மாதத்தால நான் சொல்லுவன். அப்ப கொஞ்சங் கொஞ்சமாக் குறைப்பம்.”

போத்தல் அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை. தொடங்குவதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. டொக்டர் எல்லா நோயாளிக்கும் சொல்வதைச் சொல்கிறார். நீர் அதை விழுங்கிப் பார்த்தவர். அது என்ன செய்யும், நிற்பாட்டினால் என்ன செய்யும் என்று எனக்கு எழுதும்.

விமலேஸ்வரி


முல்லைத்தீவு,
27.1.64

என் அன்பு விமலா,

உன் கோபம் கிடைத்தது. இவ்வளவு ஒழுங்கான கோபத்தை நீ பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கலாம்.

அம்மாவுக்கு எழுதியதற்கு நான் வருந்தவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். சுசிலாக்காவின் மகன் உயிர் நண்டு ஒன்றைக் கொண்டுவந்து உன் காலடியில் விட்டான். நாங்கள் ஒன்றாகப் படித்த காலத்தில், விடுதியில் ஒரு பல்லிக்குக் கட்டிலில் ஏறி நின்று கத்தியவள் நீ. அன்றைக்கு நண்டைப் பார்த்தாய். காலை ஒரு பக்கம் நகர்த்தினாய். அவ்வளவுதான். “உன்ர சிநேகிதி நல்ல அமைதியான பிள்ளை” என்றா அக்கா. போன வருடம் நானும் அப்படித்தான் அமைதியாக இருந்தேன்.

குளிசையைப் பற்றிச் சொல்கிறேன். முதல் கிழமையும் அடுத்த கிழமையும் நன்மை ஒன்றும் இல்லை, தொல்லை மட்டும். வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் வியர்த்து வெண்கட்டி கையில் வழுக்கும். வயிறு இறுகிவிடும், அதை நீ யாருக்கும் சொல்லவும் முடியாது. கதிரையில் இருந்து சட்டென்று எழும்பினால் கண் இருட்டும். எறிந்துவிடுவோம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒரு காலை, முற்றத்தில் அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. பூனை ஒன்று தலையைக் கவ்விக்கொண்டு ஓடியது. “போடி, போ, உன்ர மாமியார் வீட்டுக்குக் கொண்டு போ!” என்று அக்கா பின்னால் கத்தினா. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரித்ததைக் கேட்டு அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கிவிட்டா.

இவ்வளவுதான் நன்மை. பெரிய சந்தோசம் என்று ஒன்றும் வந்து இறங்கவில்லை. பூனைக்குச் சிரிப்பும், கறியில் உப்புக் கூடினால் எரிச்சலும் திரும்பி வந்தன. அவை இல்லாமல் எப்படி நடமாடினேன் என்று இப்போது நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

தொடங்கடி. இன்றைக்கே தொடங்கு.

புனிதம்


கிளிநொச்சி,
5.2.64

அன்புள்ள புனிதம்,

உம்முடைய கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். நிற்பாட்டினால் என்ன என்று கேட்டிருந்தேன். அதற்கு ஒரு வரியும் இல்லை.

நான் தொடங்கவில்லை. சோம்பல் என்று நினைக்கவேண்டாம். மார்கழி வெள்ளத்தில் எங்களுக்கு யாழ்ப்பாணத்து பஸ் வரவில்லை. பளைக்கு இங்கால் றோட்டின்மேல் தண்ணீர் என்றார்கள். கடைகளில் சீனிகூட இல்லை. அப்படி ஒரு நேரத்தில் குளிசை முடிந்தால் நானாக நிற்பாட்டாமலே நின்றுவிடும். அப்போது எனக்கு என்ன ஆகும்? இன்னொன்று. அம்மா ஊருக்கு எனக்கு இரத்தக் குறைவு என்று சொல்லி வைத்திருக்கிறா. அயல் வீடுகளில் இருந்து முருங்கையிலை வந்துகொண்டே இருக்கிறது. எனக்கு ஒரு கலியாணப் பேச்சும் நடக்கிறது. தெரியாத ஒரு வீட்டில், யாரும் காணாமல் குளிசை போட வேண்டிவரும். கண்டுபிடித்தால் உடனே நிற்பாட்டச் சொல்வார்கள். தொடங்காதவளுக்கு இந்த ஆபத்து ஒன்றும் இல்லை.

அப்படியானால் போத்தலை ஏன் எறியவில்லை என்று கேட்பீர்.

மார்கழி மழையில் ஒருநாள் பின்னேரம் ஐயா வயலில் இருந்து மண்வெட்டி எடுக்க வீட்டுக்குப் போனார். “வாய்க்கால் கரையைப் பாத்துக்கொள் பிள்ளை, கசிஞ்சால் கூப்பிடு” என்றார். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் நிரம்பி ஓடியது. கரை கசிந்தது. பிறகு ஒரு கை அகலத்துக்கு உடைந்தது. மண் எப்படிக் கரைகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கூப்பிட வேண்டும் என்பதும் தெரியும். ஐயா ஓடி வந்தபோது கீழ்வயலில் ஒரு மூலை முழுக்க மணல் மூடிவிட்டது. அவர் என்னை ஏசவில்லை. “காத்துக்கு எனக்குக் கேக்கேல்லை” என்று அம்மாவுக்குச் சொன்னார். நான் கூப்பிடவே இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலும் அதே வாய்க்கால் ஓடுகிறது. இடைவேளைக்குப் பிள்ளைகள் அங்கேதான் நிற்பார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்வது என்னுடைய வேலை.

ஆகையால் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது. நிற்பாட்டினால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். தயவுசெய்து அதை எழுதும்.

விமலேஸ்வரி


முல்லைத்தீவு,
11.2.64

விமலா,

எனக்குத் தெரியாததால்தான் எழுதவில்லை. நான் இன்னும் நிற்பாட்டவில்லையே. சித்திரையில் இருந்து குறைக்கலாம் என்று டொக்டர் சொன்னார். இந்த நாட்களில் எனக்கு இருக்கும் சுகத்தைப் பார்த்தால், இது குளிசையா நானா என்றே சந்தேகம் வருகிறது. ஒருநாள் விட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

வாய்க்கால் கதையை வாசித்து நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். அதற்கும் நான் எழுதுவது ஒன்றுதான். தொடங்கு.

நாளை விபூதிப் புதன். தபசுகாலம் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை சுவாமி பிரசங்கத்தில் எங்கள் சனத்தை நன்றாகக் கிழித்தார். “இறைச்சியை விடுறன் எண்டு சொல்லிப்போட்டு விளைமீன் பொரிச்சுத் தின்னுறது என்ன ஒறுத்தல்? நீங்கள் எண்டைக்கு இறைச்சி திண்டனியள்? எது இல்லாட்டி இருக்கமாட்டியளோ, அதைக் கொண்டு வந்து ஆண்டவற்ற காலடியில வையுங்கோ.” கோயில் முழுக்கச் சிரிப்பு. பின்வரிசையில் என் அப்பா அந்தோனிமுத்து சுருட்டை விடப்போவதாக அங்கேயே அறிவித்தார். அம்மா “பாப்பம், பாப்பம்” என்றா.

நான் எதை விடப்போகிறேன் என்பதை உனக்கும் சொல்லமாட்டேன். சொன்னால் பலன் போய்விடும்.

புனிதம்


முல்லைத்தீவு,
21.2.64

விமலா

எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தலையைத் திருப்பினால் கண் பிறகுதான் வந்து சேருகிறது. பாயில் படுத்தாலும் வள்ளத்தில் கிடப்பதுபோல ஆடுகிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. சாப்பாடு வாயில் வைத்ததும் சத்தி. வியர்த்து வியர்த்துச் சீலை மாற்றுகிறேன். கண்ணை மூடினால் கனவு, அவ்வளவு வெளிச்சமான கனவு, அதில் வருகிறவர்கள் விழித்த பிறகும் கொஞ்ச நேரம் அறையில் நிற்கிறார்கள்.

நான் கடுந்தபசு இருக்கிறேன் என்று ஊரில் பேச்சு. ஒரு மாமி வந்து என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனா. ஒறுத்தல் ஏற்றுக்கொள்ளப்பட்டால் நோகத்தானே செய்யும்.

உனக்கு எழுதினதெல்லாம் பிழை. தொடங்காதே. அது என்னைச் சாராயம்போலப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. இப்போதுதான் விளங்குகிறது. உன் போத்தலை வாய்க்காலில் எறி. நான் என்னுடையதை எறிந்த இடத்தை யாருக்கும் சொல்லமாட்டேன்.

இங்கே வராதே.

புனிதம்


முல்லைத்தீவு, உங்கள் வீட்டு முற்றம்,
26.2.64

அன்புள்ள புனிதம்,

நீர் கதவைத் திறக்கமாட்டேன் என்று சொல்கிறீர். அதனால் இதை எழுதிக் கதவுக்குக் கீழால் தள்ளுகிறேன்.

உம்முடைய கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. என்ன நடந்தது என்று விளங்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. எங்கள் அம்மா கந்தசஷ்டி ஆறு நாளும் தன்னுடைய இழுப்பு மருந்தையும் சேர்த்து விடுகிறவா. சாப்பாட்டை விடும்போது மருந்தை மட்டும் விழுங்கினால் விரதம் குறைந்துவிடும் என்பா. பிறகு சூரன்போர் அன்றைக்கு மூச்சு இழுத்துக்கொண்டு கிடப்பா. பார்க்க வருகிறவர்கள் பக்தி என்பார்கள். நீர் விபூதிப் புதனன்று உம்முடைய குளிசையை விட்டிருக்கிறீர்.

செவ்வாய்க்கிழமை லீவு எடுத்து யாழ்ப்பாணம் போனேன். தனியேதான். டொக்டரின் வாசலில் நின்ற நேர்ஸ் மிஸ்ஸி “அம்மா வரேல்லையோ?” என்று கேட்டா. நான் இல்லையென்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பேசினேன். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“எப்ப விட்டவா?”

“விபூதிப் புதனிலயிருந்து.”

“எனக்குத் திகதியைச் சொல்லும் பிள்ளை, விபூதியை இல்லை.”

சொன்னேன். உம்முடைய கடிதத்தில் இருந்த வருத்தங்களையும் சொன்னேன். அவர் மேசையில் பேனையை வைத்தார்.

“இது பழைய வருத்தம் திரும்பினதில்லை. அது திரும்புறதெண்டால் ஓடி வராது, பைய வரும். இது மருந்து சடாரெண்டு போனதால உடம்பு குழம்பியிருக்கு. ஒருநாள் விட்டால் தெரியாது. ஒரேயடியா விட்டால் இப்பிடித்தான்.”

“சாராயம் மாதிரிப் பிடிக்குமோ டொக்டர்?”

“சாராயக்காரனுக்கு நாளுக்கு நாள் கூடக் கேக்கும். உம்மட சிநேகிதி எப்பவாவது கூடக் கேட்டவவோ? இல்லை. ஆனா உடம்பு அதுக்குப் பழகினது உண்மை. அதை நான் உங்களுக்கு மறைக்கேல்லை.”

நான் தொடங்கிப் பிறகு விட்டால் எனக்கும் இப்படி வருமா என்றும் கேட்டேன். “வரலாம், வராமலும் விடலாம். புது மருந்து, எனக்கே முழுக்கத் தெரியாது. மெதுவாக் குறைச்சால் கனபேர் தாங்கினதைக் கண்டிருக்கிறன். அவ்வளவுதான் சொல்லுவன்.”

உமக்குக் கொண்டுவந்திருக்கும் போத்தல் என்னுடையது. கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். டொக்டர் கண்டதும், “முதல்ல இதை அவவுக்குக் குடும், உமக்கு வேறை எழுதித்தாறன்” என்றார். எப்படித் திரும்பத் தொடங்குவது என்று ஒரு கடதாசித் துண்டில் எழுதியிருக்கிறார். அந்தத் துண்டோடு இங்கே ஆஸ்பத்திரி டொக்டரிடம் உம்மைக் காட்ட வேண்டும். சுகம் வந்தபிறகு குறைக்கலாம், அவரிடம் கேட்டு.

சுசிலாக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போத்தலும் துண்டும் அவவிடம் இருக்கின்றன. நான் வீடு திரும்பப் புதுக்குடியிருப்புக்குக் கடைசி பஸ் வரப்போகிறது.

விமலேஸ்வரி


முல்லைத்தீவு,
10.3.64

விமலா,

நான் உன் அம்மாவுக்கு எழுதினேன், நீ என் அக்காவுக்குச் சொன்னாய். சரிக்குச் சரி. இனி நீயும் நானும் கோபிக்க உரிமை இல்லாதவர்கள்.

ஆனால் நான் கோபித்தேன். நீ போன பிறகு கடிதத்தைக் கிழித்தேன். பிறகு துண்டுகளைப் பொறுக்கிப் பாயில் பொருத்தி வைத்து வாசித்தேன், தலை சுற்றச் சுற்ற. அக்கா அதற்குள் கதவின் கொளுக்கியைக் கழற்றிவிட்டா. அடுத்தநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினா. அன்றைக்கே தொடங்கினேன். அந்தக் கிழமை முடியுமுன் வள்ளம் கரைக்கு வந்துவிட்டது. கனவில் வந்தவர்களும் போய்விட்டார்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொன்னேன். அவர் தட்டிக்குக் கிட்டக் காதைக் கொண்டுவந்து இன்னொருமுறை சொல்லச் சொன்னார். பிறகு, “சுருட்டு விடு, கோப்பி விடு எண்டால் உங்களுக்கு விளங்காதோ? மருந்தை ஆர் விடச் சொன்னது? அப்பிடி ஆசையெண்டால் போய் மீனை விடு பிள்ளை” என்றார். விட்டிருக்கிறேன். குளிசைக்கு அழாத அம்மா இப்போது ஒவ்வொரு மத்தியானமும் அழுகிறா. மீனில்லாமல் சோறு தின்கிற பிள்ளை தன் வயிற்றில் பிறந்ததா என்று கேட்கிறா. அப்பா திரும்பவும் சுருட்டுப் பத்துகிறார், அது பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

இனி உன்னைக் கேட்கிறேன். தொடங்காதே என்று நான் எழுதியதை மறந்துவிடு. தொடங்கு என்று எழுதியதையும் மறந்துவிடு. முன்பு நான் நல்லதை மட்டும் எழுதினேன், பிறகு கெட்டதை மட்டும் எழுதினேன். இரண்டும் என் உடம்பில் நடந்தவைதான். நீ தொடங்கினால் ஒருநாள் நிற்பாட்ட வேண்டிவரும். அதற்கு நேரமும் ஒரு டொக்டரும் உண்மை தெரிந்த ஒரு ஆளும் வேண்டும். என்னிடம் முதல் இரண்டும் இருந்தன, மூன்றாவதை நான் வைத்துக்கொள்ளவில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அக்கா ஒன்று சொன்னா. நான் உள்ளே சத்தி எடுத்துக்கொண்டிருக்க, நீ முற்றத்தில் இருந்து தேத்தண்ணி குடித்து முடித்து, “நல்ல தேத்தண்ணி அக்கா” என்று சொல்லிக் கோப்பையைக் கொடுத்தாயாம். “கல்லு நெஞ்சுக்காரி” என்கிறா. நான் அவவோடு சண்டை பிடித்தேன். கல்நெஞ்சுக்காரி ஒருத்தி யாழ்ப்பாணம் போய் அங்கிருந்து இங்கே வருவாளா? ஆனாலும் கேட்கிறேன். நீ அன்றைக்குப் பயந்தாயா?

புனிதம்


கிளிநொச்சி,
17.3.64

அன்புள்ள புனிதம்,

நீர் சுகமானது நல்லது. இதை எழுதும்போது நல்லது என்று தெரிகிறது.

சுசிலாக்கா சொன்னது உண்மை. அவவோடு சண்டை பிடிக்க வேண்டாம். உம்முடைய சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. தேத்தண்ணியில் இஞ்சி போட்டிருந்தா, சீனி கொஞ்சம் கூட. கோப்பையில் நீலப்பூ. எல்லாவற்றையும் கவனித்தேன். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்ததால் செய்தேன். கணக்கு ஒன்றைச் செய்வதுபோல. யாழ்ப்பாணத்து பஸ்ஸில் நித்திரைகூடக் கொண்டேன்.

பயந்தாயா என்று கேட்டீர். இல்லை. நீர் செத்துப்போகலாம் என்று ஒருமுறை நினைத்தேன். நினைத்துவிட்டு, அப்படியானால் கடைசி பஸ் போய்விடும் என்று நினைத்தேன். இதை உமக்கு எழுதுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். உண்மை தெரிந்த ஆள் ஒன்று வேண்டும் என்று நீர்தான் எழுதியிருக்கிறீர். ஆகவே எழுதுகிறேன்.

டொக்டர் எனக்கு எழுதித் தந்த துண்டு கைப்பையிலேயே கிடந்தது. போத்தலை உமக்குத் தந்தபிறகு எனக்கு ஒரு சுமை இறங்கிவிட்டது. இனி யாரும் கேட்டால், குளிசை கையில் இல்லை என்று சொல்லலாம். அம்மா கேட்கவுமில்லை. அப்படியே விட்டிருப்பேன். உம்முடைய கடிதம் வந்தபிறகு விடவில்லை. சனிக்கிழமை ஐயா யாழ்ப்பாணம் போனார். அவரிடம் துண்டைக் கொடுத்தேன். வெள்ளம் வந்தாலும் முடியாதபடி கூடுதலாக வாங்கி வரச் சொன்னேன். அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது இரத்தக் குறைவுக்கோ?” என்று கேட்டார்.

“இல்லை ஐயா. அண்டைக்கு நான் உங்களைக் கூப்பிடேல்லை. அதுக்கு.”

அவர் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

நேற்றுக் காலை முதலாவது குளிசையைப் போட்டேன். அம்மாவுக்கு முன்னால், சாப்பாட்டுக்குப் பிறகு. கலியாணப் பேச்சுக்காரருக்கும் சொல்லத்தான் வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா எழும்பிக் குசினிக்குள் போனா. போகட்டும். ஒரு காலத்தில் இதைக் குறைக்க வேண்டிவரும்போது, அந்த வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அதற்குச் சம்மதமில்லாத வீடு எனக்குச் சரிவராது.

நிற்பாட்டும்போது எனக்கும் வள்ளம் ஆடலாம். தெரிந்துதான் விழுங்கினேன். நீர் கதவுக்கு அந்தப் பக்கம் அப்படிக் கிடக்க, இந்தப் பக்கத்தில் எனக்குக் கோப்பையின் நிறம் தெரிந்தது. இன்னொரு முறை அப்படி ஒரு கதவுக்கு முன்னால் இருக்க நேர்ந்தால், தேத்தண்ணி ஆறிப்போகட்டும். அதை நான் கவனிக்காமல் இருக்க விரும்புகிறேன்.

விமலேஸ்வரி